பதினைந்தாம் நாள்

காலை ஏழே முக்கால். நேர்முகத்துக்கென்று வாங்கிய கருநீலக் கோட்டும் காற்சட்டையுமாக, வேரோனிக்கா தன் மகளின் அறைக்கதவுக்கு முன்னால் தரையில் இருந்தாள். நாற்பத்தொன்பது வயது. அறுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் அதிபர். மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு கதவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் இரண்டு துண்டு பாண், மஞ்சள் உடையாமல் பொரித்த ஒரு முட்டை. முட்டை எப்போதோ ஆறிவிட்டது. "நடாஷா, அம்மா கேக்கிறன். ஒரு பாடம். ஒரேயொரு பாடம். உள்ளுக்கை போய்ப் பேரைப் பதிஞ்சிட்டு, பத்து நிமிசம் இருந்திட்டு வா. நான் வாசலிலயே நிக்கிறன்." உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது, அவ்வளவுதான். நேற்றும் இதுதான், முந்தாநாளும் இதுதான். ஆனால் முந்தாநாள் பதின்மூன்று, நேற்றுப் பதினாலு. இன்றைக்குப் பதினைந்து.

இந்தப் பதினைந்தின் கணக்கு வேரோனிக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு ஆருக்குத் தெரியும்? ஒரு பிள்ளை தொடர்ந்து பதினைந்து பள்ளி நாட்கள் வராமல் நின்றால், விசயம் வகுப்பாசிரியரின் கையை விட்டுப் போய்விடும். பெயர் அற்றென்டன்ஸ் கவுன்சிலரிடம் போகும். வராத பிள்ளைகளைத் தேடிப் போவதற்கென்றே கல்விச்சபை சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆள் அவர். வீட்டுக்கு வருவார், விசாரிப்பார், பைல் திறப்பார். அதற்கு முன்னால் பிள்ளை ஒரு பாடத்துக்காவது தலைகாட்டிவிட்டால் எண்ணிக்கை அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இந்த ஓட்டையைப் பற்றி வேரோனிக்கா தன் ஆசிரியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். பதினாலாம் நாள் திடீரென்று வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிற பிள்ளையைக் கவனியுங்கள், அந்த வீட்டில் ஆரோ நாள் எண்ணுகிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தவள் அவள். நவம்பரில் இருந்து அவளே எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஐந்து தரம் பதின்மூன்றிலோ பதினாலிலோ பிள்ளையைக் கொண்டுபோய் இறக்கியும் விட்டாள்.

முதல் தரம், பறித்து வைத்திருந்த போனைத் திருப்பிக் கொடுத்து. இரண்டாந்தரம், நத்தாருக்குப் பிறகு, கத்திக் குழறி, தாயின் வாயில் வரக்கூடாத சொல்லெல்லாம் வந்து. மூன்றாந்தரம் தகப்பன் மாக்கஸ் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் காரைக் கராஜுக்குள் விட்டுவிட்டு முக்கால் மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தான். நாலாந்தரமும் ஐந்தாந்தரமும் வேரோனிக்கா அழுதாள். நடிப்பு என்று ஆரும் நினைத்துவிடக் கூடாது. கட்டிலடியில் முழங்காலில் நின்று, பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு, மூக்கு வடிய வடிய அழுதாள். பெற்ற பிள்ளையின் காலைப் பிடித்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று போன வருசம் ஆராவது சொல்லியிருந்தால், என்ன விசர்க்கதை என்று கேட்டிருப்பாள். நடாஷா எழும்பி, பல்லும் தீட்டாமல், பிஜாமாவுக்கு மேலே ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு வந்தாள். கணக்குப் பாடத்தில் பதினொரு நிமிசம் இருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்டால் வேரோனிக்காவுக்குச் சொல்லத் தெரியாது. ஒக்ரோபரில் வயிற்றுக்குத்து என்றாள். பிறகு தலையிடி என்றாள். பிறகு ஒன்றும் சொல்வதையே விட்டுவிட்டாள். பதினோராம் வகுப்பு. வயலின் வாசித்த பிள்ளை, கோயிலில் வாசகம் வாசித்த பிள்ளை, தொண்ணூறுக்குக் கீழே மார்க்ஸ் வந்தால் ஆரும் ஏசாமலே தானாக அழுகிற பிள்ளை. கூடாத சேர்க்கையோ, பொடியன் விசயமோ, ஆரும் ஏதும் செய்துவிட்டார்களோ என்று மேசை லாச்சி, புத்தகப்பை, போன் எல்லாவற்றையும் தாய் கிளறிக் கொட்டிப் பார்த்தாள். ஒரு கோதாரியும் அகப்படவில்லை. வீட்டில் ஆட்கள் இல்லாத நேரம் பிள்ளை கீழே இறங்கிச் சோறு போட்டுச் சாப்பிடுகிறது. பின்னேரம் வேலையால் வந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிற ஒற்றைச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் அவளுக்கு மூச்சு வரும்.

இதே வேரோனிக்காதான் டோர்செட் பார்க் வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் பெயர் பெற்ற மிஸ். நாலு வருசத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தை அவள் கேட்டு வாங்கினபோது, ஏன் போய்ப் புதைகுழிக்குள் காலை வைக்கிறீர் என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். மூன்றில் ஒரு பிள்ளை ஒழுங்காக வராது. அவள் கிழமையில் மூன்று நாள், பள்ளி விட்ட பிறகு, அந்த உயரமான அப்பார்ட்மென்ற் கட்டடங்களுக்குள் ஏறி இறங்கினாள். லிப்ட் வேலை செய்யாத நாளில் படியால் ஏறினாள். கதவு திறக்காத வீட்டுக்குத் திரும்பப் போனாள், திரும்பவும் போனாள். நாலு வருசத்தில் வராத பிள்ளைகளின் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. தமிழ் ரேடியோவில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள். கல்விச்சபை அவளை ஊர் ஊராகப் பேச அனுப்பியது. போன ஓகஸ்டில் அயல் கல்விச்சபைகளின் கவுன்சிலர்மாருக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தாள். எழும்பி நின்று கைதட்டினார்கள்.

இன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு சூப்பரின்டென்டன்ற் பதவிக்கு நேர்முகம். கிடைத்தால் இருபத்தைந்து பள்ளிக்கூடங்கள் அவளுடைய பொறுப்பில் வரும். பதினாலு வயதில் ஊர்காவற்றுறையில் இருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, இங்கிலிஷ் வாயில் வராத காரணத்துக்காக மக்கு வகுப்பில் கொண்டுபோய் இருத்தப்பட்டவள். ஆறு வருசம், லீவில் நிற்கிற ஆசிரியர்களுக்குப் பதில் ரீச்சராக, விடிய ஐந்தரைக்கு ஆரும் கூப்பிடுவார்களா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உடுத்தி ஆயத்தமாக இருந்தவள். அவளைப் போல ஒருத்தி இந்தக் கதிரைக்கு இவ்வளவு கிட்ட வருவது சும்மா விசயமில்லை. எதற்காக அழைத்திருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளை வரவைக்கத் தெரிந்தவள் என்பதற்காக. 

மகள் படிப்பது மார்க்கம் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். வேறு கல்விச்சபை, வேறு கம்பியூட்டர். அதனால்தான் இத்தனை மாதம் ஓடித் தப்ப முடிந்தது. காலையில் அந்த அலுவலகத்துக்குப் போன் எடுத்து, தன்னுடைய அதிபர்க் குரலில், மெடிக்கல் அப்பொயின்ற்மென்ற் என்று வேரோனிக்கா சொல்வாள். அங்கே இருக்கிற கிளார்க் ரீட்டா, போர்த்துக்கல்காரி, நல்ல மனுசி, ஏன் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பிள்ளைக்குச் சுகம் வர வேண்டுமென்று செபமாலை சொல்வதாக வேறு சொன்னாள். பாட ரீச்சர்மார் ஈமெயில் போட்டால், சொல் பார்த்துச் சொல் கோத்து, மறு கேள்வி வராதபடி பதில் எழுதுவதற்கு வேரோனிக்காவுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பாட்டுக்குழு நடத்துகிற அருள்நாயகம் அங்கிள் வழிமறிப்பார். "எங்கை பிள்ளையைக் காணேல்லை? வயலின் இல்லாமப் பாட்டுக்குழு வெறிச்செண்டு கிடக்கு." "சோதினை அங்கிள், இருந்து படிக்கிறா." நற்கருணை வாங்கி ஐந்து நிமிசம் ஆகாத வாயால் இதைச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே காருக்குப் போவாள்.

மாக்கஸ் தை மாதமே சொன்னான். "வேரா, டொக்டரிட்டைக் காட்டுவம். பள்ளிக்கூடத்துக்கும் உள்ளதைச் சொல்லுவம். நீர் எத்தினை பேற்றை பிள்ளையளுக்கு உதவி எடுத்துக் குடுத்திருப்பீர்?"

"பைலில ஏறினா ஒருக்காலும் அழியாது. என்ன எழுதுவாங்கள் எண்டு எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறன்."

உண்மைதான். 'தாய் ஒத்துழைக்கவில்லை.' 'தாய் பிரச்சினையை மறைக்கிறார்.' 'வீட்டில் அமைப்பு இல்லை.' எத்தனை மனுசியளைப் பற்றி இரண்டு வரியில் எழுதிவிட்டு, அடுத்த பைலை எடுத்திருப்பாள்! அந்த வரிகளைப் பிறகு எத்தனை பேர் வாசிப்பார்கள், வாசித்துவிட்டு அந்த மனுசியை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பது அவளுக்கு அத்துபடி. அதிலும் வரப்போகிற கவுன்சிலர் போன ஓகஸ்டில் அவளுக்குக் கைதட்டினவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். "இன்ரவியூ முடியட்டும்" என்றாள் கணவனிடம். "பிறகு நீங்கள் சொல்லுற எல்லாம் செய்வம்." பெப்ரவரியில் வைப்பதாகச் சொன்ன நேர்முகம் மார்ச்சுக்குப் போய், மார்ச்சில் இருந்து ஏப்ரலுக்குப் போனது. மாக்கஸ் அதற்குப் பிறகு வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டான்.

எட்டரைக்கு அவன்தான் போனில் வந்தான். லொறிக் கொம்பனி ஒன்றில் வண்டிகளை அனுப்புகிற வேலை அவனுக்கு. பின்னால் ஆரோ ஆரையோ கத்திக் கூப்பிடுகிற சத்தம். "எழும்பிட்டாளே?"

"இல்லை."

"நான் லீவைப் போட்டிட்டு வரட்டே?"

"வந்து? தூக்கிக்கொண்டு போகப் போறியளே? பதினாறு வயசுப் பிள்ளையை?"

"என்னவோ செய்யும். நான் என்ன சொன்னாலும் பிழை" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஒன்பது மணி ஆனது, பத்தும் ஆனது. வேரோனிக்கா கெஞ்சினாள். கோடையில் ஐரோப்பா கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். வைஃபையை வெட்டிப் போடுவேன் என்றாள். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கி, ஒரு செபத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாமல் நடுவில் விட்டாள். கடைசியில், அவளையும் அறியாமல், அது வெளியே வந்தது. "உன்னாலை என்ர வாழ்க்கை நாசமாப் போகுது. கேக்குதோ? முப்பது வருசம் மாடு மாதிரி உழைச்சு வந்தனான். எல்லாத்தையும் நீ ஒருத்தி படுத்துக்கிடந்து நாசமாக்கிறாய்." சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோசனம், கதவுக்குக் காது இல்லையா? உள்ளே இடைக்கிடை கேட்ட கட்டில் சத்தமும் நின்றுபோனது. தட்டு சரிந்து முட்டையின் மஞ்சள் கோட்டுக் கையில் ஊற்றுப்பட்டதையும் அவள் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து நம்பர். எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, அப்போதுதான் கறையைக் கண்டு, ரிஸ்யூ பேப்பரால் கோட்டைத் துடைக்கத் தொடங்கினாள். துணை அதிபர் றிச்சர்ட், அவனும் தமிழன்தான். "மிஸ், பல்லு டொக்டரிட்டை நிக்கிறியள் எண்டு தெரியும், குறை நினையாதையுங்கோ. மிதுஷான்ர அம்மா வந்து நிக்கிறா. உங்களோட ஒரு நிமிசம் கதைக்காமப் போகமாட்டன் எண்டு கதிரையில இருந்திட்டா." அவன் சொல்லி முடிக்க முன்னமே போன் கை மாறிவிட்டது.

"மிஸ், நான் மனோரஞ்சிதம் கதைக்கன். உங்களுக்கு இண்டைக்குப் பெரிய இன்ரவியூவாம் எண்டு புள்ள சொன்னான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டு நேர இஞ்சதான் வாறன்." மட்டக்களப்புக்காரி, கதைக்கத் தொடங்கினால் முற்றுப்புள்ளி வைக்கமாட்டாள். "நீங்க வந்து வந்து எங்கட எட்டாம் மாடிக் கதவடியில நிண்டயளே மிஸ், நான் உள்ளுக்க லைற்ற நூத்துப்போட்டு மூச்சுக்காட்டாம இருந்தனான். இந்தப் பொம்பிளை துலைஞ்சாக் காணும் எண்டு ஏசினனான் மிஸ், மன்னிச்சுக்கோங்க. நீங்க விடல்ல. புள்ளைக்கு என்ன நடந்த எண்டு நீங்கதான் கேட்டயள். பெத்தவ எனக்குக் கேக்கத் தெரியல்ல. நீங்க வராட்டி என்ட புள்ள இண்டைக்கு இரிக்காது. உண்மையாத்தான் சொல்றன் மிஸ். இரிக்காது."

வேரோனிக்காவின் கை துடைப்பதை நிறுத்தியது. "சந்தோசம் மனோ" என்று ஒருவாறு சொன்னாள். "பிறகு எடுக்கிறன்." போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது.

நடாஷா நின்றாள். தலைமயிர் ஒரு பக்கம் சடை பிடித்துக் கிடந்தது. முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் கோட்டில் இருந்த மஞ்சளை ஒருக்கால் பார்த்தாள். "ஓகே. போவம்" என்றாள்.

என் ஆண்டவரே! வேரோனிக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஏன் மனம் மாறினாள் என்று கேட்கவில்லை. கேட்டுக் காரியத்தைக் கெடுக்க அவள் என்ன பைத்தியமா? சப்பாத்து எடுத்து வைத்தாள், ஜக்கெற் எடுத்துப் பிடித்தாள், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றினாள். மனதுக்குள் கணக்கு ஓடியது. பதினொன்று ஐந்துக்கு அடுத்த பாடத்துக்கு மணி அடிக்கும். பதியப் பத்து நிமிசம், வகுப்பில் பத்து நிமிசம். பதினொன்றே முக்காலுக்குப் பிள்ளையை வீட்டில் விட்டாலும் பன்னிரண்டே முக்காலுக்கு நேர்முகத்துக்குப் போய்ச் சேரலாம். கோட்டு மாற்ற நேரமில்லை. கறை தெரியாமல் பைலைக் கையில் அணைத்துப் பிடிக்கலாம். இன்றைக்கு மட்டும் தப்பினால் போதும், நாளைக்கே டொக்டருக்குப் போன் எடுப்பேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தாள். இதே வாக்கைப் போன மாதமும் கொடுத்திருந்தாள்.

வழியில் தூறல். தெருக்கரையில் கடைசிப் பனி அழுக்குப் பிடித்துக் கரைந்துகொண்டிருந்தது. மூன்று கிழமையாக வெளியே வராத பிள்ளை, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கடைகளையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். வேரோனிக்கா ஓயாமல் கதைத்தாள். மாக்கஸின் புது வேலை நேரம், பக்கத்து வீட்டு நாய், கோடைக்கு நடப்போகிற கத்தரிக்கன்று. சொன்ன அந்தக் கொடுஞ்சொல்லைக் கதையாலேயே மூடிவிடலாம் என்று ஒரு நப்பாசை. பள்ளிக்கூடத்து வாகனத் தரிப்பிடத்தில், அலுவலக ஜன்னலுக்கு நேரே, காரை நிறுத்தியபோது பதினொன்று அடிக்க மூன்று நிமிசம் இருந்தது.

"இறங்கு, செல்லம்."

நடாஷா இறங்கவில்லை. "அம்மா, அந்த அன்ரி வீட்டை எத்தினை தரம் போனீங்கள்?"

"எந்த அன்ரி?"

"போன்ல கதைச்ச அன்ரி."

"பதினொரு தரம்."

"டோர் திறக்காட்டியும்?"

"ஒன்பதாந்தரம்தான் திறந்தவ. நடாஷா, உந்தக் கதையைப் பிறகு கதைப்பம். மணி அடிக்கப் போகுது."

"வெயிற், அம்மா." பிள்ளை தேத்தண்ணிப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். குரல் பாவிக்காமல் கிடந்து கரகரத்துப் போயிருந்தது. "இண்டைக்கு நான் உள்ளுக்கை போகாட்டி ஆர் வருவினம்?"

"கவுன்சிலர் ஒராள்."

"வீட்டையா? லைக், என்ர ரூமுக்கா?"

"ஓம்."

"நான் கதைக்காட்டி?"

வேரோனிக்கா முன் கண்ணாடியைப் பார்த்தாள். "திரும்ப வருவினம்." வேறென்ன சொல்வது? திரும்பப் போ, திரும்பவும் போ என்று அந்த ஆட்களுக்கு ஓகஸ்டில் சொல்லிக் கொடுத்ததே அவள்தானே.

"வந்து என்ன கேப்பினம்?"

ஆறு கேள்விகள். அந்தத் தாளைத் தயாரித்தவளுக்கு மனப்பாடம். முதலாவது கேள்வி, உனக்கு என்ன நடக்குது எண்டு எனக்குச் சொல்ல விருப்பமோ என்பது. விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால் சரியென்று சொல்லி, பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். ஏன் எழும்பவில்லை, எப்போது எழும்புவாய், என்ன தந்தால் எழும்புவாய் என்று ஐந்து மாதமாக வேரோனிக்கா மகளிடம் கேட்காத கேள்வி இல்லை. அந்த முதலாவதை மட்டும் கேட்கவில்லை. அதைச் சொல்லலாமென்று வாயைத் திறந்தாள்.

"நானும் எண்ணுறனான், அம்மா," என்றாள் நடாஷா. "ஃபெர்ஸ்ட் ரைம் பதின்மூண்டு. பிறகு பதினாலு. ஒவ்வொரு தரமும் இந்த முறை ஆரோ வருவினம் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருப்பன். பிறகு நீங்கள் வந்து கத்துவீங்கள், இல்லாட்டிக் காலைப் பிடிச்சு அழுவீங்கள். எனக்கு நீங்கள் அழுறதைப் பாக்க ஏலாது. அதுக்காகத்தான் எழும்பிப் போறனான். பிறகு ஒருத்தரும் வரமாட்டினம். திரும்ப ஒண்டிலயிருந்து."

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? அம்மாட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களிட்டைச் சொல்ல ஏலாது." கோபமாகச் சொல்லவில்லை. நேரம் எத்தனை என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "எனக்கே வடிவாத் தெரியாது, அம்மா. சொல்லத் தொடங்கினா நீங்கள் பயந்திடுவீங்கள். அவங்களுக்குப் பயமில்லைத்தானே. அது அவங்கட வேலை."

"அப்ப ஏன் இப்ப வெளிக்கிட்டு வந்தனீ?"

"இதைக் கேக்கத்தான். வீட்டில கேட்டா அழுவீங்கள். இஞ்சை அழமாட்டீங்கள். ஆக்கள் பாப்பினம்."

வேரோனிக்கா தன் வயிற்றில் பிறந்தது தன்னை இவ்வளவு வடிவாகப் படித்து வைத்திருக்கிறதே என்று திகைத்தாள். மெய்யாகவே கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மெய்யாகவே ஜன்னல் பக்கம் ஆரும் நிற்கிறார்களா என்று கண் போனது. தன் மீதே அருவருப்பாக இருந்தது. ஒரு மணிக்கு, நேர்முகம் எடுக்கிற மூன்று பேருக்கு முன்னால் போயிருந்து என்ன கதைக்கப் போகிறாள்? நாளைக்குக் காலையில் அந்தக் கவுன்சிலர் பைலில் பெயரைப் பார்த்துவிட்டு, இது அந்த வேரோனிக்காவா என்று பக்கத்து மேசையில் கேட்பார். பின்னேரத்துக்கிடையில் கதை இரண்டு கல்விச்சபையும் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்துவிடும். கதிரை போகும். கதிரை மட்டுமா போகும்? டோர்செட் பார்க்கில் இனி எந்தக் கதவில் போய் எந்த முகத்தோடு நிற்பது? இரிக்காது மிஸ் என்று மனோரஞ்சிதம் சொன்ன குரல் காதுக்குள் விடாமல் கேட்டது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைப் பார்த்தாள். போத்தலைப் பிடித்திருந்த விரல்கள் மெலிந்து, நகம் கடித்துக் கடித்துச் சதையோடு போயிருந்தது. எப்போது இப்படி மெலிந்தாள்?

"இண்டைக்கு விடுங்கோ, அம்மா," என்றாள் நடாஷா. "ப்ளீஸ். பதினைஞ்சு ஆகட்டும். எனக்கும் ஆராவது வரட்டும்."

மணி அடித்தது. கட்டடத்துக்குள் கதவுகள் திறந்து பிள்ளைகளின் இரைச்சல் எழும்பியது. அலுவலகத்துப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு குள்ளமான மனுசி, தலைக்கு மேலே ஒரு பைலைப் பிடித்துக்கொண்டு, தூறலுக்குள் குடுகுடுவென்று ஓடி வந்தாள். ரீட்டா. மூச்சு வாங்க வாங்கக் கண்ணாடியில் தட்டினாள். வேரோனிக்கா பாதிக்கு இறக்கினாள்.

"ஜன்னலால் உங்கள் காரைக் கண்டேன்," என்றாள் ரீட்டா ஆங்கிலத்தில், முகமெல்லாம் சிரிப்பாக. "பாவம் பிள்ளை, எவ்வளவு வெளிறிப் போயிருக்கிறாள்! இந்தக் குளிருக்குள் ஏன் இறங்க வேண்டும்? இன்றைக்குப் பதினைந்து என்று கம்பியூட்டர் காலையில் இருந்து சிவப்பாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இதில் ஒரு கையெழுத்தை வையுங்கள், வந்ததாக நான் போட்டுவிடுகிறேன். ஒரு அதிபரை நம்பாமல் ஆரை நம்புவது?"

பைலைத் திருப்பிக் கண்ணாடியால் உள்ளே நீட்டினாள். பிந்தி வந்தவர்களின் தாள். நடாஷாவின் பெயரை ரீட்டாவே தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். நேரமும் போட்டிருந்தாள். பக்கத்தில் பெற்றோருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. நூலில் கட்டிய நீலப் பேனை தாளின் குறுக்கே கிடந்தது.

வேரோனிக்கா ஸ்ரியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்தாள். நடாஷா சீற் பெல்ற்றைக் கழற்றாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் திறந்த கண்ணாடியால் உள்ளே அடித்து, வெற்றுக் கட்டத்தின் மேல் ஒன்று இரண்டாக விழுந்து ஊறத் தொடங்கியது. ரீட்டா மற்றக் கையைக் குடையாக்கித் தாளை மூடிப் பிடித்தாள். அவசரமில்லை என்பது போலத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி நின்றாள்.